ஜெபிக்க வாய் வராதபோது

ஐயா,
நான் குடியாத்தம். மனைவிக்கு முதுகுத்தண்டில் கட்டி. ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதமாகியும் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வீட்டுக்கு ஜெபிக்க வந்தவர்கள், "அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது, விசுவாசமும் போதாது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இப்போது முழங்கால் போட்டால் ஒரு வார்த்தை வருவதில்லை. விசுவாசத்தை விட்டுவிட்டேனா?
- ஒரு வாசகர்

அன்புள்ள சகோதரருக்கு,

அப்படிச் சொன்னவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. பிறவிக்குருடனைக் காட்டி, இது யார் செய்த பாவம், இவனுடையதா பெற்றவர்களுடையதா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றார் இயேசு. யோவான் 9-ம் அதிகாரம். உங்கள் மனைவி காதில் விழும்படி அதைச் சத்தமாக வாசியுங்கள். அந்தப் பேச்சையும் அவர் கட்டிலில் கிடந்தபடி கேட்டிருப்பாரே.

88-ம் சங்கீதத்தைப் பாருங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பும். இது திரும்பாது, இருட்டிலேயே முடிந்துவிடும். ஏன் உம்முடைய முகத்தை எனக்கு மறைக்கிறீர் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. ஆனாலும் அது ஜெபம்தான், வேதத்தில் அப்படியே இருக்கிறது. என் அம்மா நினைவில்லாமல் கிடந்த பதினெட்டு நாளும், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இதை மட்டும்தான் என்னால் வாசிக்க முடிந்தது. அம்மா பிழைக்கவில்லை.

அதனால் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்களுக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை. நம் வேலூரில் நடந்ததைச் சொல்கிறேன். மேரி வர்கீஸ், சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இளம் டாக்டர். 1954-ல் வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போனது. கால்கள் திரும்பவில்லை. அங்கே தொழுநோயாளிகளுக்குக் கை ஆபரேஷன் செய்துவந்த டாக்டர் பால் பிராண்ட் தைரியம் கொடுக்க, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். அவர் முயற்சியால் 1966-ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் வந்தது. "அவரே செய்தாரே" என்று மட்டும் மனைவியிடம் சொல்லிவிடாதீர்கள். ஐந்து மாதத்தில் மேரி வர்கீஸும் அந்த நிலைக்குப் போய்ச் சேரவில்லை.

உயிர்த்தெழுந்த கர்த்தர் தோமாவுக்குக் காட்டிய கைகளில் ஆணிக் காயம் அப்படியே இருந்தது. "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கதறியவருடைய கைகள் அவை. நான் பிடித்துக்கொண்டிருக்கும் நம்பிக்கை அந்தக் கைகளில்தான் இருக்கிறது. அம்மாவை அடக்கம் செய்த அன்றும் அதைத்தான் பிடித்திருந்தேன்.

கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனை நாலு பேர் தூக்கி வந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தை" கண்டார் என்று மாற்கு எழுதுகிறார். படுத்திருந்தவனுக்கு எவ்வளவு விசுவாசம் என்று அங்கே யாரும் அளக்கவில்லை. உங்களுக்கு வார்த்தை வரும்வரை நாங்கள் ஜெபிக்கிறோம். பேசாமல் வந்து உட்காரக்கூடிய ஒருவரை ஊரில் தேடிப் பிடியுங்கள். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொருதரம் மனைவியைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டுமே, அதற்கு இன்னொரு ஜோடிக் கை வேண்டும்.