ஜி ஸ்ட்ரிங் மட்டும் கேட்கவில்லை, பிக்கப்பை மாற்றலாமா?

கேள்வி: கும்பகோணம் பக்கம் ஓர் ஆர்கெஸ்ட்ராவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். போன வருஷம் ஆன்லைனில் 14,000 ரூபாய்க்கு நான்கு ஸ்ட்ரிங் பேஸ் வாங்கினேன். பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அசைவை மின் சிக்னலாக்கும் பகுதி) இரண்டு துண்டாகப் பிரிந்திருக்கும் மாடல். கொஞ்ச நாளாகத் தடித்த இ ஸ்ட்ரிங் குமுறுகிறது, மெல்லிய ஜி ஸ்ட்ரிங் கேட்பதே இல்லை. ஏ, டி இரண்டும் பரவாயில்லை. நடுவில் ஜி அறுந்துபோனதால் அதை மட்டும் தனியாக வாங்கிப் போட்டிருக்கிறேன். கடையில் காட்டினால் பிக்கப் போய்விட்டது, மாற்ற 6,500 ரூபாய் ஆகும் என்கிறார்கள். ஆடி மாதக் கச்சேரிகள் வருகின்றன. மாற்றிவிடலாமா? விற்றவர்களிடம் கேட்டால், சம்பாதிக்கப் பயன்படுத்துகிறீர்கள், அதனால் நுகர்வோர் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது என்கிறார்கள். அது சரியா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். டி ஸ்ட்ரிங் பரவாயில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அது முக்கியமான தடயம். உங்கள் மாடலில் பிக்கப்பின் ஒரு துண்டு இ, ஏ ஸ்ட்ரிங்குகளைப் பிடிக்கிறது, மற்றது டி, ஜி ஸ்ட்ரிங்குகளை. ஃபெண்டர் நிறுவனம் 1957இல் பிரிசிஷன் பேஸில் கொண்டுவந்த அமைப்பு இது; விலை குறைந்த பேஸ்கள் பலவும் இன்றுவரை அதைத்தான் பின்பற்றுகின்றன. டிக்கும் ஜிக்கும் ஒரே கம்பிச் சுருள். அது கெட்டிருந்தால் இரண்டும் சேர்ந்தே மங்கியிருக்கும். வழக்கமாக இரண்டு துண்டுகளையும் தொடராகத்தான் இணைத்திருப்பார்கள், ஆகவே உள்ளே கம்பி அறுந்திருந்தால் நான்கு ஸ்ட்ரிங்கும் ஊமையாகியிருக்கும்.

எனக்கு முதல் சந்தேகம் தனியாக வாங்கிய அந்த ஸ்ட்ரிங் மேல்தான். பிக்கப் ஒலியைக் கேட்பதில்லை. தன் காந்தத்துக்கு மேலே இரும்பு அசைவதை உணர்கிறது. மரப்பெட்டி வைத்த அக்கூஸ்டிக் பேஸுக்கான வெண்கலச் சுற்று ஸ்ட்ரிங்கைப் போட்டால், உள்ளே ஓடும் எஃகுக் கம்பியை மட்டும்தான் பிக்கப் பிடிக்கும், சத்தம் பாதியாகிவிடும். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மற்ற மூன்றும் வெள்ளி நிறத்தில் இருக்க, ஜி மட்டும் பொன் மஞ்சளாகத் தெரிந்தால் காரணம் அதுவே. நிறம் ஒத்துப்போனாலும் தடிமன் குறைந்ததாக இருக்கலாம். அதனால் எதைச் செய்வதற்கும் முன்னால் தடிமன் 45 முதல் 105 வரை (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) உள்ள ஒரே பிராண்ட் செட் வாங்கி நான்கையும் மாற்றுங்கள். பேஸில் ஒரு ஸ்ட்ரிங்கை மட்டும் மாற்றுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. புது ஸ்ட்ரிங்கும் களைத்துப்போன ஸ்ட்ரிங்கும் பக்கத்துப் பக்கத்தில் ஒருநாளும் சமமாகப் பேசாது.

செட் மாற்றிய பிறகு, கேபிளைக் கழற்றிவிட்டு அமைதியான அறையில் நான்கையும் ஒரே வேகத்தில் தட்டிப் பாருங்கள். ஜி வெறுங்காதுக்கே சோர்வாகக் கேட்டால் பிக்கப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) பக்கம் மட்டும் அடங்கி, மற்ற இடங்களில் நன்றாக ஒலித்தால், அது கழுத்து மரத்தின் இயல்பு. விலை உயர்ந்த பேஸ்களிலும் ஜி ஸ்ட்ரிங்கில் அந்த இடத்தில் இப்படி இருப்பதுண்டு. எந்தப் பிக்கப்பாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

வெறுங்காதுக்கு நான்கும் சமமாக இருந்து, ஆம்பில் (ஆம்ப்ளிஃபயரில்) மட்டும் மாறுகிறதென்றால் பிக்கப்பின் உயரத்தைப் பாருங்கள். கடைசி ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கை அழுத்திக்கொண்டு, அதன் அடிப்பக்கத்திலிருந்து பிக்கப்பின் காந்த முனை வரை சின்ன ஸ்கேலால் அளக்க வேண்டும். இ பக்கம் சுமார் 3 மி.மீ., ஜி பக்கம் 2 மி.மீ. என்று தொடங்கிக் காதால் திருத்திக்கொள்ளலாம். மெலிந்ததைத் தூக்குவதற்கு முன்னால் குமுறுவதை இறக்குங்கள். காந்தம் மிக நெருங்கினால் ஸ்ட்ரிங்கைப் பிடித்து இழுக்கும். நாதம் சீக்கிரம் அடங்கும், சுருதி தள்ளாடும். இ பக்கத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டு ஆம்பில் வால்யூமை ஏற்றினாலே பல பேஸ்கள் சமனாகிவிடும்.

ஜி பக்கம் ஸ்க்ரூவைத் தளர்த்தியும் பிக்கப் எழும்பவில்லையா? அடியில் அதைத் தாங்கும் ஃபோம் நசுங்கிப் போயிருக்கும். விலை குறைந்த பேஸ்களில் இது சகஜம். ஜியின் சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டே வந்தது என்றால் இதுவே காரணமாக இருக்கலாம். கெட்டியான ஃபோம் துண்டு ஒன்றை வெட்டி அடியில் வைத்தால் போதும்.

பிரிட்ஜ் (உடல் பக்கத்தில் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் உலோகப் பகுதி) பக்கமும் ஒருமுறை பாருங்கள். ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் தனக்குரிய இரண்டு காந்த முனைகளுக்கு நடுவே ஓட வேண்டும். ஜி ஓரத்தை விட்டு வெளியே போயிருந்தால் பிரிட்ஜோ கழுத்தோ கோணலாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மேடையில் இ குமுறுவதில் ஸ்பீக்கருக்கும் பங்கு உண்டு. திறந்த இ ஸ்ட்ரிங்கின் அடிப்படை அதிர்வு சுமார் 41 ஹெர்ட்ஸ், ஜிக்கு 98. கல்யாண மண்டபத்துச் சுவர் மூலையில் ஆம்பை வைத்தால் கீழ்ச் சுருதிகள் வீங்கிக் கேட்கும். கோயில் திடலில் அதே பேஸ் ஒழுங்காக ஒலிக்கும். மூலையிலிருந்து நகர்த்தி, ஆம்பில் கீழ்ச் சுருதிக்கான பேஸ் குமிழைக் குறைத்துவிட்டு, பிறகு முடிவு செய்யுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கடைக்காரர் பிக்கப்தான் என்றால், மல்டிமீட்டர் வைத்து அளந்து என்ன பழுது என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் செய்பவர் யாரும் சில நிமிடத்தில் இதை அளந்துவிடுவார். எழுதித் தர மறுக்கும் கடையில் 6,500 ரூபாய் கொடுக்காதீர்கள்.

சட்டம் பற்றி பேஸை விற்றவர்கள் சொன்னது முழு உண்மை இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கிய பொருளை விலக்குகிறது. ஆனால் சுயதொழிலாகப் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்துவதை வணிக நோக்கமாகக் கொள்ளக் கூடாது என்று அதே சட்டத்தில் விளக்கம் இருக்கிறது. வாசித்துப் பிழைப்பவர் கையில் இருக்கும் பேஸ் அந்த விளக்கத்துக்குள் வரும் என்று வாதாட உங்களுக்கு இடம் இருக்கிறது. பிரிட்ஜ் கோணல் உறுதியானால் அது தயாரிப்புக் குறை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். தீரவில்லை என்றால், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. ஸ்ட்ரிங்கோ ஃபோமோதான் காரணம் என்று தெரிந்தால் வழக்குக்கு வேலை இல்லை.

கேள்வி: நாகப்பட்டினத்தில் தேவாலயப் பாடகர் குழுவில் பேஸ் வாசிக்கிறேன். ஸ்ட்ரிங் சீக்கிரமே துருப்பிடித்து மழுங்கிவிடுகிறது. எதை வாங்குவது?
- வாசகர், நாகப்பட்டினம்

பதில்: உப்புக் காற்றும் கை வியர்வையும் சேர்ந்து செய்யும் வேலை இது. மேற்பூச்சு உள்ள ஸ்ட்ரிங் செட் வாங்குங்கள். விலை கூடுதல், கடலோரத்தில் அந்தப் பணம் வீணாகாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் செட்டும் துருவைத் தாங்கும், ஆனால் ஃப்ரெட்டை வேகமாகத் தேய்க்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஸ்ட்ரிங்கின் அடிப்பக்கத்தையும் துடைத்து, பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடி வையுங்கள்.