சோப்புத் தண்ணீர் அடித்தும் பூச்சி போகவில்லையா? பெங்களூரு மாடித்தோட்டக் கேள்வி-பதில்

செம்பருத்தியில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி அப்பிக்கிடக்கிறது. சோப்புத் தண்ணீர் அடித்தும் போகவில்லை. எறும்பு வேறு ஏறுகிறது. (வாசகி, அல்சூர்)

மாவுப்பூச்சிதான். சோப்பை எந்தத் தண்ணீரில் கரைத்தீர்கள்? போர்வெல்லோ டேங்கரோ என்றால் கோளாறு அங்கேதான். அந்தத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பில் சோப்பு நுரைக்காமல் திரிந்துவிடும். திரிந்த சோப்பு பூச்சியை ஒன்றும் செய்யாது. காவிரித் தண்ணீர் எடுங்கள், அல்லது மழைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள்.

சீவிய பார் சோப்பு ஒரு டீஸ்பூன், வேப்பெண்ணெய் 5 மில்லி. இரண்டையும் கொஞ்சம் வெந்நீரில் நன்றாகக் குழைத்துக்கொண்டு, ஒரு லிட்டர் ஆகும்வரை தண்ணீர் சேருங்கள். கரைசல் வெளுப்பாக வர வேண்டும். மேலே எண்ணெய் மிதந்தால் அடிக்காதீர்கள், இலை கருகிவிடும். துணி துவைக்கும் பவுடர் வேண்டவே வேண்டாம்.

அந்த வெள்ளைப் பஞ்சு மெழுகு, தண்ணீர் ஒட்டாது. அதனால் முதலில் பழைய டூத்பிரஷால் கணுக்களைத் தேய்த்துவிட்டு, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள். சோப்பு மேலே பட்ட பூச்சியைத்தான் கொல்லும், காய்ந்த பிறகு அதற்கு வேலை இல்லை. முட்டை பொரித்துப் புதுக்குஞ்சு வரும் என்பதால் வாரம் ஒரு முறை, மூன்று வாரமாவது அடிக்க வேண்டியிருக்கும்.

எறும்பை விட்டால் இவ்வளவும் வீண். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புக்காக அது காவல் நின்று, பூச்சி தின்னும் வண்டுகளை விரட்டும். தண்டைச் சுற்றி செல்லோடேப் ஒட்டி அதன்மேல் வாஸலின் தடவுங்கள். கிளை சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் எறும்பு அந்த வழியாக வரும்.

இன்னொன்று. மற்றவற்றைவிடப் பெரியதாக, நீள நீளமான வெள்ளை இழைகளோடு வேகமாக ஓடும் ஒன்று தென்பட்டால் கை வைக்காதீர்கள். அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் குஞ்சு.

மழை பெய்தால் உள்ளங்கை அளவு நத்தைகள் வந்து கீரையைத் தின்கின்றன. உப்புத் தூவலாமா? காபிச் சக்கை போட்டால் போகும் என்கிறார்களே? (வாசகர், மல்லேஸ்வரம்)

ஆப்பிரிக்க ராட்சத நத்தை. உப்புப் போட்டால் நத்தை சாகும், கூடவே தொட்டி மண்ணும் கெடும். காபிச் சக்கையை நம்பாதீர்கள். டிகாஷன் இறங்கிய பிறகு நத்தையை விரட்டுமளவு அதில் என்ன மிச்சம்? கம்போஸ்ட்டில் போடுங்கள்.

இருட்டும் நேரத்தில் ஈரச் சாக்கு ஒன்றை விரித்து, அதன் அடியில் முட்டைக்கோஸின் வெளி இலைகளையோ பப்பாளி இலையையோ போடுங்கள். காலையில் சாக்கைத் தூக்கினால் கூட்டமாகக் கிடக்கும். பொறுக்கி, உப்புக் கரைத்த வாளியில் போடுங்கள். வெறுங்கையால் தொடக் கூடாது, இது முக்கியம்: மூளை உறையைத் தாக்கும் ஒரு புழுவை இவை சுமக்கக்கூடும். கீரையையும் நன்றாக அலசிவிட்டுச் சமையுங்கள். மண்ணைக் கிளறும்போது வெளிர்மஞ்சள் முட்டைகள் குவியலாகக் கிடைத்தால் நசுக்கிவிடுங்கள். அடுத்த வீட்டுக் காலி மனையில் வீசினால் திரும்பி வரும்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி ஒரு புழு. என்ன அடிப்பது? (வாசகி, ஜெயநகர்)

ஒன்றும் அடிக்க வேண்டாம், நாளைக்குத் தாளிப்பில் போடப்போகிற இலை அது. எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழுதான். தொட்டால் தலைக்குப் பின்னால் ஆரஞ்சு நிறக் கொம்பை நீட்டி நாற்றம் விடும், கடிக்காது. சின்னச் செடி என்றால் கையால் எடுத்துவிடுங்கள். ஆளுயர மரத்துக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை.

தக்காளிக்குப் புகையிலைக் கஷாயம் அடிக்கலாமா? (வாசகர், கே.ஆர்.புரம்)

கூடாது. நிகோடின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும். புகையிலையிலிருந்து தக்காளிக்குத் தேமல் வைரஸும் தொற்றலாம். வீட்டில் கிடைக்கிறது என்பதால் ஒரு பொருள் சாதுவாகிவிடாது.

பூசணி இலையில் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது. இதற்கும் வேப்பெண்ணெயா? (வாசகி, மாரத்தஹள்ளி)

இது பூச்சியில்லை, சாம்பல் நோய் என்கிற பூஞ்சை. ஒரு பங்கு பாலில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, வெயில் ஏறும் காலை நேரத்தில் அடியுங்கள். முற்றிய இலைகளைக் கிள்ளிவிடுங்கள்.

கரைத்துக் கலக்க நேரமில்லாதவர்களுக்கு? (வாசகர், இந்திராநகர்)

ஹேசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வேப்பஞ்சோப்பு, புங்கஞ்சோப்பு இரண்டையும் உருவாக்கியிருக்கிறது. உறையில் போட்டிருக்கும் அளவுக்குக் கரைத்து அடித்தால் போதும், தனியாக எண்ணெய் வேண்டாம். இதற்கும் போர்வெல் தண்ணீர் ஆகாது.