மூன்று சுழி ‘ண’ இரண்டு சுழியானால் யார் பொறுப்பு?

கேள்வி: எங்கள் குழுவினருக்காக 40 காலர் டி-ஷர்ட்டுகளில் ‘நண்பர்கள் நடைப்பயிற்சிக் குழு’ என்று கம்ப்யூட்டர் எம்பிராய்டரி செய்யக் கொடுத்தோம். வாட்ஸ்அப்பில் வந்த கணினிப் படம் தெளிவாக இருந்ததால் சரி என்று பதில் அனுப்பினேன். தைத்து வந்த எழுத்து 4 மி.மீ. உயரம்தான் இருக்கிறது, பார்ப்பவர்கள் ‘நன்பர்கள்’ என்றே படிக்கிறார்கள். சிறிய எழுத்து இப்படித்தான் வரும் என்கிறார் கடைக்காரர். பிரித்துவிட்டுத் திரும்பத் தைத்துத் தருவதாகவும் சொல்கிறார். ஏற்கலாமா?

பதில்: கடைக்காரர் சொல்வதில் பாதி உண்மை. வழக்கமாகப் பயன்படும் 40 எண் நூலில் ஒரு கோடு நிரம்பித் தெரிய ஏறக்குறைய 1 மி.மீ. அகலம் வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கே 5 மி.மீ. உயரத்தைத்தான் பொதுவாகக் கீழ்வரம்பாகக் கொள்வார்கள். மூன்று சுழி ‘ண’வில் கோடுகளும் அவற்றுக்கிடையே வெற்றிடங்களும் அடுத்தடுத்து வருவதால், 4 மி.மீ. உயரத்தில் அந்த வெற்றிடங்களை நூலே அடைத்துவிடும். புள்ளிகளின் பாடு இன்னும் மோசம். உங்கள் பெயரில் ஆறு புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தனியே தொடங்கி, முடிச்சிட்டு, நூலை வெட்ட வேண்டும். காலர் டி-ஷர்ட்டின் மேடுபள்ளமான பின்னலில் அவ்வளவு சிறிய புள்ளி அமிழ்ந்துவிடும்.

ஆனால் இவையெல்லாம் தொழில் செய்பவர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டிய செய்திகள். எழுத்தை 8 அல்லது 10 மி.மீ. ஆக்கி இரண்டு வரியாகப் பிரித்திருக்கலாம். தையல் கோப்பைத் தயாரிக்கும்போதே, அதாவது பஞ்சிங்கிலேயே, சுழிகளின் உள்வெளியைச் சற்று விரித்திருக்கலாம். துணியின் மேல் நீரில் கரையும் மெல்லிய தாளையும் அடியில் கிழியாத தாங்குதாளையும் (பேக்கிங்) வைத்துத் தைத்திருக்கலாம். நீங்கள் சம்மதித்தது கணினிப் படத்துக்கே தவிர, தைத்த மாதிரிக்கு அல்ல. தொலைபேசித் திரையில் 4 மி.மீ. எழுத்தும் விரலளவுக்குப் பெரிதாகத் தெரியும் என்பதால், அந்தச் சம்மதத்தைக் காட்டி அவர் முழுப் பொறுப்பிலிருந்தும் நழுவுவது நியாயமில்லை. தைத்த மாதிரியைப் பார்த்து ஒப்புக்கொண்டிருந்தால் உங்கள் வாதம் பெரிதும் வலுவிழந்திருக்கும்.

பிரித்துத் தைப்பதற்கு மட்டும் இணங்காதீர்கள். நெருக்கமான தையலைப் பிரித்தால் ஊசித் துளைகள் பின்னலில் தங்கிவிடும். கத்தரி பட்டு இழை அறுந்தால் சலவைக்குச் சலவை ஓட்டை பெரிதாகும். புதிய சட்டைகளையோ, எம்பிராய்டரிக் கூலியையும் சட்டை விலையில் ஒரு பகுதியையுமோ எழுத்து மூலம் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். அதிலும் தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தை அணுகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. ரசீதையும், ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: வீட்டு எம்பிராய்டரி இயந்திரத்தில் கைக்குட்டைகளுக்குப் பெயர் தைக்கிறேன். 60 எண் நூல் வாங்கினால் எழுத்து தெளிவாகுமா?

பதில்: ஆகும், ஆனால் நூல் மட்டும் போதாது. எண் கூடக் கூட நூல் மெலியும் என்பதால், 11-ஆம் எண் ஊசிக்குப் பதில் 9-ஆம் எண் ஊசியைப் போட்டால்தான் துளையும் சிறிதாகும். 40 எண் நூலுக்காகச் செய்த கோப்பை அப்படியே ஓட்டினால் தையல்களுக்கிடையே துணி தெரியும். 60 எண் நூலுக்கென்றே அமைத்த சிறிய எழுத்துருக்களை வாங்குவது நல்லது. பெரிய எழுத்தைத் திரையில் பாதியாகச் சுருக்கித் தைப்பது பலரும் செய்யும் தவறு: தையல்கள் 1 மி.மீ.க்கும் குறைந்து ஒரே இடத்தில் குவிய, நூல் அறுந்து அடியில் சிக்கலாகச் சுருண்டுகொள்ளும். வேகத்தை நிமிடத்துக்கு 400 முதல் 600 தையல்களுக்குள் வையுங்கள். ஒரு முழுப் பெட்டி நூல் வாங்குமுன், ஒரேயொரு கருநிற நூற்கண்டை வாங்கி, அதே கைக்குட்டைத் துணியில் ‘ண’வையும் ‘ஞ’வையும் தைத்துப் பாருங்கள்.