பட்டினி கிடக்கும் டைனோசர்கள்

அன்புள்ள ஐயா,

நான் தொல்லுயிரியல் படித்தவன் இல்லை. ஆர்வத்தில் டைனோசர்கள் வரைகிறேன். எலும்புக்கூட்டின் கோட்டுப்படத்தை வைத்து, ஒரு மில்லிமீட்டர்கூட விலகாமல் அதன்மேல் தோலை வரைவேன். அப்படியும் ‘உதடு எங்கே, இறகு எங்கே’ என்று யாராவது குறை சொன்னால் மனம் நொந்து படத்தைக் கிழித்துவிடுகிறேன். எந்த நிறம் தீட்டுவது என்பதும் குழப்பம். ஆய்வுகள் ஒரு முடிவுக்கு வரும்வரை வரையாமல் இருப்பதுதான் சரியா?

க.

அன்புள்ள க.,

நிறத்தை விடுங்கள். சைனோசாரோப்டெரிக்ஸின் வாலில் செம்பழுப்புப் பட்டைகள் இருந்ததை நிறமித் துகள்களின் தடயத்தை வைத்து 2010-ல் சொன்னார்கள். அப்படித் தெரிந்தவை கொஞ்சம்தான். மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம்.

எனக்கு எரிச்சல் மூட்டியது அந்த மில்லிமீட்டர் பெருமை. ஏன் இத்தனை பேர் டைனோசர்களைப் பட்டினி போட்டே வரைகிறார்கள் என்று கொஞ்ச காலமாகவே புலம்பிக்கொண்டிருக்கிறேன். மண்டையோட்டின் துளைகள் முகத்தில் குழிகளாகத் தெரிகின்றன. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். நாற்காலிமேல் ஈரத்துணியைப் போர்த்தியது மாதிரி ஒரு மிருகம்.

யானையின் மண்டையோட்டைப் பாருங்கள். நடுவில் பெரிய மூக்குத் துளை, அவ்வளவுதான். துதிக்கையில் எலும்பே கிடையாது. யானையைப் பார்த்திராத ஒருவர் உங்கள் முறையில் வரைந்தால் துதிக்கை வருமா? காதாவது வருமா? ஒட்டகத்தின் திமில் கொழுப்பு. முதுகெலும்பில் அது தெரியாது. எட்மான்டோசாரஸ் ரீகாலிஸை நெடுங்காலம் மொட்டைத் தலையோடு வரைந்தார்கள். கனடாவில் தோல் கெடாமல் கிடைத்த ஒன்றின் தலையில் சதையாலான கொண்டை இருந்தது என்று 2013-ல் ஆய்வு வந்தது. எலும்பு மட்டும் கிடைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது!

ஒன்று செய்யுங்கள். ஆந்தையின் எலும்புக்கூட்டையும் உயிருள்ள ஆந்தையையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, அந்த நீளக் கழுத்து எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்று தேடுங்கள். அப்புறம் டைனோசருக்கு வாருங்கள்.

உதடா? டைரனோசாரஸின் பற்களை உதடு மூடியிருக்கும் என்று 2023-ல் ஓர் ஆய்வு சொன்னது. ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். எதை வரைந்தாலும் காரணம் சொல்லத் தெரிந்தால் போதும்.

காத்திருப்பதா? இகுவானடோனின் கட்டைவிரல் முள்ளை மூக்குக் கொம்பு என்று நினைத்தார், அந்த டைனோசருக்குப் பெயர் வைத்த கிடியான் மான்டெல். 1854-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸுக்காகச் செய்த சிலைகளிலும் கொம்பு மூக்கில்தான். 1878-ல் பெல்ஜியத்தின் பெர்னிசார் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்த பிறகுதான் அது கைக்குப் போனது. சிலைகளை யாரும் உடைக்கவில்லை, இன்றும் நிற்கின்றன. நீங்கள் எதற்குக் கிழிக்கிறீர்கள்? இனி கிழித்தால் எனக்கு எழுதாதீர்கள். மூலையில் தேதி போட்டுப் பத்திரமாக வையுங்கள், தம்பி.

அடுத்து ஒரு சாரோபாடு, அதாவது நீளக் கழுத்துள்ள தாவர உண்ணி டைனோசர், வரைந்து அனுப்புங்கள். கழுத்து தடிமனாக இருக்கட்டும். வயிற்றையும் தாராளமாக விடுங்கள். நாள் முழுக்க இலை தழை தின்று செரித்த உடம்பு, அதற்குக் குடல் வேண்டாமா?