பத்தாம் எண் சட்டையும் பயிற்சியாளரின் திட்டமும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

2023 ரக்பி உலகக்கோப்பையைப் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். அயர்லாந்திடம் தென்னாப்பிரிக்கா 8-13 என்று தோற்றதற்கு அதன் ஃப்ளை ஹாஃப் (பத்தாம் எண் சட்டை அணிந்து ஆட்டத்தை நடத்தும் வீரர்) மானி லிபோக் தவறவிட்ட உதைகளும் ஒரு காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஃப்ளை ஹாஃப் பயிற்சியாளர் வகுத்த திட்டத்தைத்தான் ஆடுகிறார். உதைக்கச் சொன்னால் உதைக்கிறார், ஓடச் சொன்னால் ஓடுகிறார். மோதிப் பந்தை வென்று தர வேண்டிய ஃபார்வர்டுகள் தோற்றுப்போனால் அவரிடம் நல்ல பந்தே வருவதில்லை. இங்கிலாந்தின் ஃப்ளை ஹாஃப்களான ஓவன் ஃபாரெலையும் ஜார்ஜ் ஃபோர்டையும் சலிப்பூட்டுபவர்கள் என்று பழித்தவர்களும் அவர்களின் பயிற்சியாளர் ஸ்டீவ் போர்த்விக்கின் திட்டத்துக்கான பழியை அவர்கள் தலையில் சுமத்தினார்கள் என்றே நினைக்கிறேன். அப்படியிருக்க, இங்கிலாந்துக்கு எதிரான அரையிறுதியில் லிபோக்கை 31ஆவது நிமிடத்திலேயே வெளியே அழைத்தது அநீதி இல்லையா? ஒரு ஃப்ளை ஹாஃபைத் தனியாக எடைபோட முடியுமா? நீங்களாக இருந்தால் அந்த ஆட்டத்துக்கு யாரைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள்?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

அரையிறுதியைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏறக்குறைய முழுமையாக ஏற்கிறேன். அயர்லாந்து ஆட்டத்தைப் பற்றிச் சொல்வதை ஏற்கவில்லை. ஒரே மனிதர், ஒரே தொடர், ஒரே பயிற்சிக் குழு என்றாலும் இந்த இரண்டு ஆட்டங்களுக்கும் ஒரே தீர்ப்பு பொருந்தாது.

கோலை நோக்கிய உதை திட்டத்துக்குள் அடங்காத ஒன்று. டிரைக்குப் (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) பிறகோ, எதிரணியின் தவறுக்காகப் பெனால்டி கிடைத்த பிறகோ ஆட்டம் நின்றுவிடுகிறது. எதிரணி உரிய தூரத்தில் நிற்க, உதைப்பவர் பந்தைத் தாங்கியில் நிறுத்தி, தன் அடிகளை எண்ணிப் பின்வாங்கி, மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு உதைக்கிறார். அந்த வேளையில் ஸ்க்ரம் (இரு அணி ஃபார்வர்டுகளும் தோள்கோத்துத் தள்ளும் மோதல்) வென்றதா, பந்து வேகமாக வந்ததா என்ற கேள்விகளுக்கு இடமில்லை. அயர்லாந்துக்கு எதிராக லிபோக் மூன்று புள்ளி தரும் ஒரு பெனால்டியையும், செஸ்லின் கோல்பியின் டிரைக்குப் பிந்தைய இரண்டு புள்ளி உதையான கன்வர்ஷனையும் தவறவிட்டார். அந்த ஐந்து புள்ளிகள் அவருடைய கணக்கில்தான் சேரும். ஃபார்வர்டுகளிடமிருந்து பந்தை எடுத்துக்கொடுக்கும் ஸ்க்ரம் ஹாஃப் ஃபாஃப் டி கிளர்க் தவறவிட்ட இரண்டு பெனால்டிகளையும் சேர்த்தால் மொத்தம் 11 புள்ளிகள் கைநழுவின; ஆட்டத்தின் வித்தியாசமோ ஐந்துதான். நம்பகமான கோல் உதைப்பாளர் ஒருவர்கூட இல்லாமல் அணியைக் களமிறக்கியதற்குப் பயிற்சிக் குழு பதில் சொல்ல வேண்டும் என்பது உண்மையே. ஆனால் அது கூடுதலான ஒரு பொறுப்பு. அதனால் உதைத்தவரின் பொறுப்பு நீங்கிவிடாது.

பயிற்சிக் குழுவும் அந்தக் குறையை அறிந்திருந்தது. ஸ்க்ரமின் முன்வரிசை நடுவில் நிற்கும் ஹூக்கர் மால்கம் மார்க்ஸ் காயமடைந்து விலகியபோது இன்னொரு ஹூக்கரை அழைக்காமல், காயத்திலிருந்து மீண்டுவந்த ஃப்ளை ஹாஃப் ஹாந்த்ரே பொல்லார்டை அவர்கள் அழைத்தார்கள். அதன் விலையை இறுதிப்போட்டியில் கொடுத்தார்கள். அன்று பொங்கி ம்போனாம்பி ஆட்டத்தின் தொடக்கத்திலேயே காயம்பட்டு வெளியேற, ஸ்க்ரமின் ஓரத்தில் நிற்கும் ஃபிளாங்கரான டியோன் ஃபூரி ஏறக்குறைய முழு ஆட்டமும் ஹூக்கர் இடத்தில் நின்று சமாளிக்க வேண்டியிருந்தது. ஒரு துல்லியமான காலுக்காக இவ்வளவு பெரிய ஆபத்தை ஏற்கத் துணிந்திருக்கிறார்கள் என்றால், அந்த வேலையைத் தனித்து மதிப்பிட முடியும் என்றுதான் அவர்களும் கருதியிருக்கிறார்கள்.

இனி அரையிறுதி. 2023 அக்டோபர் 21, பாரிஸ், மழை. பந்தை உயர உதைத்துத் துரத்திச் சென்று வானில் போராடிப் பிடிப்பது, எதிரணியை அதன் பாதியிலேயே அடைத்துவைப்பது, கிடைக்கும் பெனால்டிகளைப் புள்ளிகளாக்குவது: இதுதான் இங்கிலாந்து வகுத்திருந்த வழி. அந்த ஈரத்தில் அது முக்கால்வாசி ஆட்டத்துக்கு அற்புதமாகப் பலித்தது. லிபோக்கின் பலம் வேறு வகையானது. ஸ்காட்லாந்துக்கு எதிரான முதல் ஆட்டத்தில் பார்வையை வேறு பக்கம் வைத்துக்கொண்டே குறுக்காக உதைத்து கர்ட்-லீ அரெண்ட்சேவுக்கு ஒரு டிரையை அமைத்துக் கொடுத்தாரே, அது அவருடைய பலத்துக்குச் சரியான சான்று. வேகமான பந்தும் விரிந்த களமும் கிடைத்தால் அவர் மின்னுவார். அன்று இரண்டுமே கிடைக்கவில்லை. 31ஆவது நிமிடத்தில் அவர் வெளியேறியபோது இங்கிலாந்து 9-3 என்று முன்னிலையில் இருந்தது. தென்னாப்பிரிக்காவின் அந்த மூன்று புள்ளிகளும் அவர் உதைத்த பெனால்டியில் வந்தவை.

அதன் பிறகு நடந்ததைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். பொல்லார்ட் வந்ததும் ஆட்டம் மாறிவிட்டது என்று ஒரு கதை நிலைபெற்றிருக்கிறது. உண்மையில் இடைவேளையில் ஸ்கோர் 12-6. 53ஆவது நிமிடத்தில் ஃபாரெல் வெகுதொலைவிலிருந்து அடித்த டிராப் கோலால் (ஆட்டத்தின் போக்கிலேயே பந்தைத் தரையில் விழவிட்டு உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) அது 15-6 ஆனது. அதாவது பொல்லார்ட் களத்துக்கு வந்த முதல் இருபது நிமிடங்களுக்கு மேலான காலத்தில், அவர் ஒரு பெனால்டியை உதைத்தும்கூட, மொத்தத்தில் இடைவெளி குறையவில்லை, ஆறிலிருந்து ஒன்பதாக வளர்ந்தது. ஆட்டத்தைத் திருப்பியது ஸ்க்ரம். ஆக்ஸ் ன்செ உள்ளிட்ட மாற்று ஃபார்வர்டுகள் வந்து இங்கிலாந்தின் முன்வரிசையைப் பின்னுக்குத் தள்ளத் தொடங்கிய பிறகே பெனால்டிகள் கிடைத்தன. எதிரணியின் எல்லைக்கு அருகே செல்லவும் முடிந்தது. 69ஆவது நிமிடத்தில் ஆர்.ஜி. ஸ்னைமன் டிரை அடித்தார். இதே ஃபார்வர்டுகள் இதே வேகத்தில் முதல் அரைமணி நேரத்தில் தள்ளியிருந்தால் லிபோக்கின் ஆட்டம் எப்படி இருந்திருக்கும் என்பது நியாயமான கேள்வி. ஆகவே அந்த 31ஆவது நிமிட அழைப்பை அவர் மீதான தீர்ப்பாக நான் படிக்கவில்லை. தவறான நாளுக்குத் தவறான ஆளைத் தேர்ந்தெடுத்ததைப் பயிற்சிக் குழு திருத்திக்கொண்டது, அவ்வளவுதான். ஆனால் அவமானம் முழுவதும் அந்த இளைஞரின் மீது விழுந்தது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

அதற்காகப் பொல்லார்டின் பங்கை ஸ்க்ரமின் கணக்கில் கரைத்துவிடவும் நான் சம்மதிக்க மாட்டேன். ஸ்னைமனின் டிரைக்கான கன்வர்ஷன் இல்லையென்றால் வித்தியாசம் நான்காகவே நின்றிருக்கும். ஒரு பெனால்டியால் வெல்ல முடியாத நிலை அது. 78ஆவது நிமிடத்தில் ஸ்க்ரம் பெனால்டி கிடைத்தபோது தூரம் ஐம்பது மீட்டரை ஒட்டி, பந்து ஈரம், புல்தரை வழுக்கல். அந்த உதை 16-15 என்று ஆட்டத்தை முடித்தது. பெனால்டியை வென்று கொடுத்தவர்கள் ஃபார்வர்டுகள், புள்ளிகளாக்கியவர் அவர்.

ஃபாரெல், ஃபோர்ட் பற்றிய உங்கள் கேள்விக்கும் இங்கிருந்தே பதில் கிடைக்கும். ஓர் அணி எத்தனை முறை உதைக்கிறது என்பது பயிற்சியாளரின் முடிவு. அதிலும் பல உதைகள் ரக்கின் (தரையில் கிடக்கும் பந்துக்கான நெரிசலின்) பின்னாலிருந்து ஸ்க்ரம் ஹாஃப் அடிப்பவை. பத்தாம் எண்காரர் உதைத்த பந்து எங்கே விழுகிறது என்பது அவருடைய பொறுப்பு. துரத்திவரும் சகவீரர் வந்து சேரும் கணத்தில், அவர் எழும்பிப் பிடிக்கும் இடத்தில் பந்து இறங்க வேண்டும். ஐந்து மீட்டர் கூடிவிட்டால் எதிரணியின் கடைசித் தடுப்பாளரான ஃபுல்பேக் நெருக்கடியே இல்லாமல் பிடித்துத் திருப்பி ஓடிவருவார். தொலைக்காட்சியில் இரண்டும் ஒரே மாதிரியான சலிப்பூட்டும் உதைகளாகத் தெரியும். ஆட்டத்தில் ஒன்று தாக்குதல், மற்றது பந்தைத் தானமாகக் கொடுப்பது. அரையிறுதியில் இங்கிலாந்து ஒரு டிரைகூட அடிக்கவில்லை என்ற குறையைப் போர்த்விக்கிடம் கேளுங்கள். நான்கு பெனால்டி, ஒரு டிராப் கோல் என்று 15 புள்ளிகளையும் தனியாக எடுத்த ஃபாரெலிடம் கேட்காதீர்கள்.

உங்கள் வாதத்தில் என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. தோல்வியெல்லாம் திட்டத்தின் கணக்கில் சேருமென்றால் வெற்றியும் அங்கேதான் சேர வேண்டும். மார்சேயில் அர்ஜென்டினாவுக்கு எதிராக இங்கிலாந்தின் டாம் கரி மூன்றாவது நிமிடத்திலேயே விதிமீறலுக்காகக் களத்தை விட்டு அனுப்பப்பட்ட பிறகு, பதினான்கு பேருடன் ஆடிய இங்கிலாந்து 27-10 என்று வென்றது. ஆறு பெனால்டிகள், மூன்று டிராப் கோல்கள் என்று 27 புள்ளிகளும் ஃபோர்டுடையவை. ஓர் ஆள் குறைந்த அணிக்காக முன்கூட்டியே எழுதிவைத்த திட்டம் எதுவாக இருந்தாலும், பந்தை நீண்டநேரம் வைத்திருப்பதைவிட எட்டும் தூரம் வந்ததும் டிராப் கோல் அடிப்பதே மேல் என்பதைக் களத்தில் நின்று, முதல் பாதியிலேயே மூன்று முறை செயலில் காட்டியவர் அவர். அன்றைய அவருடைய பெருமையைப் பயிற்சியாளருக்கு எழுதிவைக்க நீங்கள் சம்மதிப்பீர்களா? நான் சம்மதிக்க மாட்டேன். அதே காரணத்தால்தான் அயர்லாந்து ஆட்டத்தின் ஐந்து புள்ளிகளையும் லிபோக்கிடமிருந்து எடுத்துவிட மறுக்கிறேன்.

அரையிறுதிக்கு யார் என்று கேட்டிருந்தீர்கள். மழையும் இங்கிலாந்தின் உதை ஆட்டமும் எதிர்பார்க்கக்கூடியவையாக இருந்ததால் பொல்லார்டைத்தான் தொடக்கத்திலேயே இறக்கியிருப்பேன். லிபோக்கை மாற்று வீரர் வரிசையில் வைத்து, எதிரணி களைத்துக் களம் விரியும் கடைசி இருபது நிமிடங்களில் அனுப்பியிருப்பேன். அடுத்த வாரம் நியூசிலாந்துக்கு எதிரான இறுதிப்போட்டியில் பயிற்சிக் குழு பொல்லார்டையே தொடக்கத்தில் இறக்கியது. 12-11 என்று வென்ற அந்த ஆட்டத்தின் 12 புள்ளிகளும் அவர் உதைத்த நான்கு பெனால்டிகளில் வந்தவை.

அன்புடன்.