வீட்டிலேயே பிலாட்டிஸ் தொடங்கினால் ஒரு கிழமையில் நின்றுபோகிறது, தொடர்ந்து செய்ய என்ன வழி?

நீங்கள் திருகோணமலை என்று எழுதியிருக்கிறீர்கள், நானும் அங்கேதான், உவர்மலைப் பக்கம். பிலாட்டிஸ் என்பது மூச்சோடு சேர்த்து வயிறு, முதுகுத் தசைகளைப் பலப்படுத்துகிற பயிற்சி முறை. வகுப்புக்குப் போகாமல் வீட்டில் செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். ஸ்பிரிங் பூட்டிய கட்டில் மாதிரி ரிஃபோர்மர் என்று ஒன்றை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள், அது இல்லாவிட்டால் பரவாயில்லை. இந்த முறையை உருவாக்கிய ஜோசப் பிலாட்டிஸ் 1945இல் வெளியிட்ட புத்தகத்தில் இருக்கிற 34 பயிற்சிகளும் தரையில் பாய் போட்டுச் செய்பவைதான்.

நின்றுபோவதுதான் பெரிய பிரச்சினை. என்னைக் கேட்டால் சோம்பலை விட யூடியூப்தான் ஆட்களைக் கெடுக்கிறது. எழும்பி, போனை எடுத்து, இன்றைக்கு எந்த வீடியோ, இருபது நிமிடமா நாற்பதா, வயிற்றுக்கா நாரிக்கா என்று தட்டிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை எழும்பிவிடும், தேத்தண்ணிக்கு ஆள் கூப்பிடும், அன்றைய பயிற்சி அவ்வளவுதான். ஆகவே வீடியோவைப் பார்த்து ஆறே ஆறு பயிற்சியைச் சரியாகப் பழகி, வரிசையை மனப்பாடம் செய்துவிட்டு, போனை வேறு அறையில் வையுங்கள். என் வரிசை இது: ஹன்ட்ரட், ரோல் அப் (படுத்திருந்து முதுகை உருட்டி எழும்புவது), ஒற்றைக்கால் வட்டம், ஒற்றைக்கால் நீட்டல், ஷோல்டர் பிரிட்ஜ் (மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது), கடைசியில் குப்புறப் படுத்து நீந்துவது போல் கைகால் அடிக்கிற ஸ்விம்மிங். கால் மணித்தியாலம் போதும். கிழமையில் நாலு நாள் என்று தொடங்குங்கள், ஒரு மாதம் வரிசையை மாற்ற வேண்டாம். அலுப்பாக இருக்கும், இருக்கட்டும், பல் தீட்டுவதும் அலுப்புத்தானே.

ஹன்ட்ரட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் தேவையான மூச்சு அதில்தான் பிடிபடும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்துக் கால்களைத் தூக்கி, தலையையும் தோளையும் உயர்த்தி, நீட்டிய கைகளை இடுப்புக்குப் பக்கத்தில் சின்னதாக மேலும் கீழும் ஆட்டவேண்டும். ஐந்து ஆட்டலுக்கு மூச்சு உள்ளே, ஐந்துக்கு வெளியே, அப்படிப் பத்துத் தடவை, மொத்தம் நூறு. மூச்சு வயிற்றை உப்ப வைக்கக் கூடாது, விலா எலும்புகள் பக்கவாட்டில் விரிய வேண்டும், அடிவயிறு உள்ளே இழுத்தபடியே இருக்க வேண்டும். கையை விலாவில் வைத்துப் பார்த்தால் விளங்கும். கழுத்து இழுத்தால் தலையைக் கீழே வைத்துவிட்டுச் செய்யுங்கள், தொடக்கத்தில் கழுத்து இழுக்காத ஆள் குறைவு. நூறு வரை போக முடியாவிட்டால் ஐம்பதில் நிறுத்துங்கள்.

பாய் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். யோகா பாய் பெரும்பாலும் மெல்லிசு, சீமெந்துத் தரையில் முதுகெலும்பை உருட்டும்போது ஒவ்வொரு எலும்பும் தெரியும். தடித்த பாய் கிடைக்காவிட்டால் கீழே கம்பளியை மடித்துப் போடலாம். பன்பாய் தரையில் வழுக்கும், அது படுக்க மட்டும்.

நேரத்தை ஊர் தீர்மானிக்கும். சூடான கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மத்தியானத்துக்குப் பிறகு ஹோலில் நிற்கவே முடியாது, விடியப்புறம் ஐந்தரைக்கு முடித்தால் உண்டு. மாரியில் நேரம் பிரச்சினையில்லை, இடம்தான், காயாத உடுப்பெல்லாம் ஹோலில் கொடி கட்டித் தொங்கும். எங்கள் வீட்டில் அந்த மாதங்களில் கட்டிலுக்கும் அலுமாரிக்கும் இடையில்தான் என் பாய், பக்கவாட்டில் கையை விரிக்க முடியாது. ஆனால் மேலே சொன்ன ஆறுக்கும் ஆள் நீளமும் அரை ஆள் அகலமும் இருந்தால் போதும்.

வயிற்றுத் தசை நடுங்கினால் பயப்பட வேண்டாம். நாரியில் குத்தினாலோ, வலி காலுக்கு இறங்கினாலோ உடனே நிறுத்துங்கள். டிஸ்க் பிரச்சினை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பிள்ளை பெற்றுக் கொஞ்சக் காலமே ஆனவர்கள் முதலில் டொக்டரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ கேட்க வேண்டும். எலும்புத் தேய்வு இருக்கிற அம்மாமாருக்கு ரோல் அப் மாதிரி முதுகை வளைத்து எழும்புகிறவை ஆகாது, அவர்களையும் சேர்த்துக்கொண்டு செய்கிறீர்கள் என்றால் கவனம்.

அப்புறம் எடை குறையுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதை மட்டும் நம்பினால் பெரிதாகக் குறையாது. உடம்பு நிமிரும், வயிறு இறுகும், இருந்து எழும்புவது லேசாகும். எடைக்குப் பின்னேரத்தில் கடற்கரைப் பக்கம் வேகமாக நடவுங்கள், வழியில் வடைக் கடையில் நிற்காமல்.