அந்தச் சூதாடி கள்ளாட்டம் ஆடுகிறதா?

கேள்வி: ஓய்வு பெற்ற பிறகு போனில் செஸ் ஆடுகிறேன். அதில் சூதாடி வேஷம் போட்ட ஒரு 'பாட்' (நம்மோடு ஆடும் கம்ப்யூட்டர் ஆட்டக்காரர்) இருக்கிறது. நான் கறுப்பில் ஆடினால் எடுத்த எடுப்பிலேயே இரண்டு சிப்பாய்களைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, "பந்தயம் கட்டலாமா?" என்று சீண்டும். வாங்கிக்கொண்டால் அடுத்த பத்து நகர்த்தலில் அடிதான். பணம் வைத்து ஆடுகிறேனோ என்று வீட்டுக்காரிக்குச் சந்தேகம். இந்தக் கம்ப்யூட்டர் கள்ளாட்டம் ஆடுகிறதா, சார்?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: கள்ளாட்டம் இல்லை ஐயா. அந்தச் சவடால் எல்லாம் யாரோ உட்கார்ந்து முன்கூட்டியே எழுதி வைத்த வசனம். காய் வெட்டுப்பட்டால் ஒன்று, செக் வந்தால் ஒன்று என்று எடுத்து விடும். உள்ளே காய் நகர்த்துவது வேறு ஆள், 'இன்ஜின்' என்கிற செஸ் புரோகிராம். அதற்குப் பந்தயமும் தெரியாது, பயமும் தெரியாது. ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்ஜினையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் திறன் 0 முதல் 20 வரை. குறைத்து வைத்தால், நல்ல நகர்த்தல்கள் நான்கைப் பொறுக்கி, சில சமயம் வேண்டுமென்றே மட்டமானதை ஆடும். நமக்கு அது துணிச்சலாகத் தெரிகிறது!

வேஷத்தை நம்பவும் கூடாது. 2023 ஜனவரியில் செஸ்.காம் தளத்தில் 'மிட்டன்ஸ்' என்று ஒரு பூனைக்குட்டி வந்தது. ரேட்டிங் (ஆட்டத் திறனுக்கான மதிப்பெண்) வெறும் 1 என்று போட்டிருந்தார்கள். ஆடிய பிறகுதான் தெரிந்தது, கிராண்ட்மாஸ்டர்களையே திணற வைக்கும் பூனை அது.

சரி, உங்கள் சிப்பாய்களுக்கு வருவோம். நீங்கள் சொல்வது டேனிஷ் கேம்பிட் மாதிரி இருக்கிறது, அதாவது சிப்பாய்களைக் கொடுத்துத் தாக்குதலுக்கு வழி தேடும் ஒரு தொடக்கம். இரண்டு சிப்பாய்க்கு விலையாக வெள்ளையின் இரு பிஷப்புகளும் உங்கள் ராஜா பக்கம் குறி வைத்து நிற்கும். அதற்கு மருந்து பழையது: வாங்கியதில் ஒன்றைத் திருப்பிக் கொடுங்கள். நீங்கள் வாங்கி முடித்து, வெள்ளையின் ஒரு பிஷப் உங்கள் சிப்பாயை வெட்டியதும், உங்கள் ராணிக்கு முன்னால் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுங்கள். மற்ற பிஷப் அதை வெட்டினால் ராஜா பக்கத்துக் குதிரையை வெளியே எடுங்கள். ஆசைப்பட்டு அதே பிஷப் உங்கள் ராஜா பக்கத்து பிஷப்புக்கு முன்னால் உள்ள சிப்பாயையும் வெட்டி செக் சொன்னால், அதை ராஜாவாலேயே வெட்டுங்கள். உடனே வெள்ளை ராணி உங்கள் ராணியை வெட்டும். பதறாதீர்கள். ராஜா பக்கத்து பிஷப்பை நீட்டி ஒரு செக். பின்னாலிருக்கும் யானைக்கு வழி திறந்து, அது வெள்ளை ராணியைப் பார்க்கும். அந்த ராணி செக்கை மறிக்கக் குறுக்கே வந்து விழுந்தே ஆக வேண்டும். கணக்குப் பார்த்தால் இரு பக்கமும் சமம். ராணிகள் இல்லாத பலகையில் சூதாடிக்கு என்ன வேலை?

மனிதர்களிலேயே அப்படிப்பட்ட ஆட்டக்காரர் லாட்வியாவின் ரீகா நகரத்து மிகயில் தால். காய்களை வாரி இறைத்து 1960-இல் அப்போதைய சாம்பியன் பாட்வின்னிக்கைத் தோற்கடித்து உலக சாம்பியன் ஆனார். அடுத்த வருடமே மறுபோட்டி. இந்த முறை பாட்வின்னிக் குழப்பத்துக்கு இடம் தராமல், ஆட்டத்தை அமைதியான பக்கம் இழுத்துப் பட்டத்தைத் திரும்ப வாங்கிவிட்டார். தாலின் பெயரிலேயே அவர் பாணியில் ஆட ஒரு செஸ் புரோகிராமும் பின்னால் வந்தது.

அப்புறம், வீட்டம்மாவுக்கு: பொம்மை வாயால் கட்டும் பந்தயத்தில் பைசா போகாது. கார்டு எண்ணோ யுபிஐயோ கேட்டால் மட்டும் போனைப் பிடுங்கிக்கொள்ளுங்கள். ஐயா, நீங்கள் ஒரு நாள் வெள்ளையில் உட்கார்ந்து, அதே இரண்டு சிப்பாய்களை அந்தச் சூதாடிக்கே கொடுத்துப் பாருங்கள். எங்கே அடி விழுகிறது என்பது அந்தப் பக்கத்தில் இருந்து இன்னும் சுலபமாகப் பிடிபடும்.